கைமாறும் பந்தும் கைம்மாறு கருதா ஈகையும்



பந்தாடுதல் தமிழர்க்குப் புதியதன்று. திருப்பாவையிலே ஆண்டாள் நாச்சியார், நப்பின்னைப் பிராட்டியின் கையிலே பந்தினை வைத்துப் பாடியுள்ளார். திருக்குற்றாலக் குறவஞ்சியிலே திரிகூடநாதர் திருவுலா எழுந்தருளும் வேளையில் வசந்தவல்லி பந்தாடிக் கொண்டிருக்கின்றாள். இறைவன் திருமுன்னிலையிலும் விளையாட்டிற்கு இடம் தந்தவர்கள் தமிழ்ப் புலவர்கள்.

நண்பர் இருவர் எதிரெதிரே நிற்க, ஒருவர் எறிய மற்றவர் பிடிப்பது பந்தாட்டங்களுள் மிக எளியது. இதிலே வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. ஒரே ஒரு முறைமை மட்டும் உண்டு. கைக்கு வந்த பந்தை மீண்டும் எறிந்துவிட வேண்டும். ‘இஃது எனக்கே’ என்று ஒருவன் இறுகப் பற்றிக் கொண்டால் அக்கணமே ஆட்டம் நின்றுபோகும். செல்வத்தின் இயல்பும் இதுவே. ஆதலாலன்றோ திருவள்ளுவர் ஒப்புரவறிதல், ஈகை என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்து, கைம்மாறு கருதாது பொழியும் மழையை முதலிலே காட்டினார்!

இவ்வுண்மையைப் பந்தாட்டக்காரர் சிலரும், பந்தாடும் சிறுவர் பலரும் செயலிலே காட்டிய வரலாறு ஒன்று அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரத்திலே நிகழ்ந்தது.

1947ஆம் ஆண்டு. அந்நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி பார்பர் என்னும் மருத்துவர் பணிபுரிந்தார். குருதிப் புற்றுநோய் கண்ட குழந்தை சில திங்களுக்குள் இறப்பது உறுதி என்றிருந்த காலம் அது. அந்நோயைத் தணிக்க அவர் அமினோப்டெரின் என்னும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். அதனை ஆக்கித் தந்த ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சித் தலைவர் யார் தெரியுமா? பீமவரத்திலே பிறந்து, சென்னையில் இந்து உயர்நிலைப் பள்ளியிலும், மாநிலக் கல்லூரியிலும், மருத்துவக் கல்லூரியிலும் பயின்று, 1923ஆம் ஆண்டு கடல் கடந்து சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் அவர்களே! மருந்து பெற்ற 16 குழந்தைகளுள் 10 குழந்தைகளுக்கு நோய் தணிந்தது. ஆயினும் அத்தணிவு நிலைக்கவில்லை. நோய் மீண்டும் வந்தது. மேலும் ஆராய்தல் வேண்டும்; அதற்குப் பொருள் வேண்டும்.

1948ஆம் ஆண்டு மே 22ஆம் நாள், அம்மருத்துவமனையில் வயிற்றுப் புற்றுநோயோடு படுத்திருந்த 12 வயதுச் சிறுவன் ஒருவனுடன் வானொலியில் உரையாடினார்கள். அவன் பெயரை மறைத்து ‘ஜிம்மி’ என்றழைத்தனர். பேஸ்பால் என்னும் பந்தாட்டத்திலே பாஸ்டன் பிரேவ்ஸ் அணியின் மேல் அவனுக்குப் பெருவிருப்பு. அவ்வணியின் ஆட்டக்காரர்களைப் பற்றி அவனிடம் வினவ வினவ, அவர்களே ஒருவர்பின் ஒருவராய் அவன் அறைக்குள் வந்து நின்றார்கள். பந்தும் மட்டையும் சீருடையும் பரிசாகத் தந்தார்கள். 20,000 டாலர் சேருமானால், அவ்வணியின் ஆட்டத்தைக் காண அவனுக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வழங்கப்படும் என்று நேயர்களுக்கு அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டிலே சேர்ந்ததோ 2,31,000 டாலருக்கும் மேல்!

அன்றோடு அது முடியவில்லை. ஆடுகளங்களின் வெளியே தகர உண்டியல்கள் வைக்கப்பட்டன. பந்தாடும் சிறுவர்கள் தம் ஆட்டச் சீருடையோடு உண்டியல் ஏந்தி வீடு வீடாகச் சென்றார்கள். பிரேவ்ஸ் அணி 1953ஆம் ஆண்டு வேறு நகருக்குப் பெயர்ந்தபோது, அந்நகரத்தின் மற்றோர் அணியாகிய ரெட் சாக்ஸ் அவ்வறத்தை ஏற்றுக் கொண்டது. அதன் தலைசிறந்த ஆட்டக்காரர் டெட் வில்லியம்ஸ், செய்தியாளர் அறியாவண்ணம் நோயுற்ற குழந்தைகளைக் கண்டு வந்தார். ஓரணி விட்ட பந்தை மற்றோரணி பிடித்தது போலும் இது!

அன்பர்களே, ஒன்றை எண்ணிப் பாருங்கள். முதன்முதல் மருந்து பெற்ற அந்தப் பச்சிளங் குழந்தைகளை அந்தக் காசு காக்கவில்லை. மருந்தளித்த சுப்பாராவ் அவர்களும் அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களிலேயே மறைந்தார். காசு ஏந்திச் சென்ற சிறுவர்கள், அஃது யாரைக் காக்கும் என்பதை அறியார். அறியாமலே கொடுத்தார்கள். பயன் கண்டபின் கொடுப்பது வாணிகம். பயன் காணுமுன் கொடுப்பதே ஈகை.

பயன் விளையாமற் போயிற்றா? ‘ஜிம்மி’ இறந்திருப்பான் என்றே பலரும் எண்ணியிருந்தனர். 50 ஆண்டுகள் கழித்து, 1998ஆம் ஆண்டிலே, ‘அச்சிறுவன் நானே’ என்று வெளிப்பட்டார் ஐனார் கஸ்டாப்சன் என்னும் லாரி ஓட்டுநர். பிழைத்து, உழைத்து, குடும்பத்தோடு வாழ்ந்து, 2001ஆம் ஆண்டு தம் 65ஆம் வயதில் அவர் மறைந்தார். அன்று தப்ப வழியற்றிருந்த குழந்தைகளின் குருதிப் புற்றுநோயுள் மிகுதியாகக் காணப்படும் வகையிலே, மருத்துவ வசதி மிக்க நாடுகளில் இன்று பத்துக் குழந்தைகளுள் ஏறத்தாழ ஒன்பது குழந்தைகள் பிழைக்கின்றன. சென்னையிலே கற்ற ஒருவரின் அறிவும், பாஸ்டன் சிறுவரின் உண்டியற் காசும் கைமாறிக் கைமாறி, இன்று பிறக்கும் குழந்தையிடம் வந்து சேர்ந்துள்ளன.

திருக்கோயில் அன்னதானத்திற்கு ஒரு பிடி அரிசி தருபவர், உண்பவர் முகத்தைக் காண்பதில்லை. காணாவிடினும் பசி தீர்கின்றது. தெருவிலே பந்தாடும் பிள்ளைகளை ‘வீண்பொழுது’ என்று கடிய வேண்டா. ‘ஒருநாள் ஆட்டத்தை நோயுற்ற ஒருவர் பொருட்டு ஆடுங்கள், சேர்ந்த காசை அவர் கையிற் சேருங்கள்’ என்று சொல்லிக் கொடுங்கள். விளையாட்டும் வழிபாடாகும்.

கைக்கு வந்தது எதுவாயினும் அஃது இறைவன் எறிந்த பந்து. பிடித்தவர், அடுத்தவர்க்கு எறிக! ஆட்டம் நில்லாது தொடர்க! நோயற்ற வாழ்வு எல்லார்க்கும் எய்துக!