ஏன் இறங்கினேன்



'ஏறின புள்ள ஏன் இறங்குச்சு'ன்னு எங்க தெருவே கேட்குது. விமானத்துக்குள் சாதி வராது என்று நம்பித்தான் பணிப்பெண் ஆனேன். 90 விநாடிக்குள் அத்தனை பயணிகளையும் வெளியேற்றப் பயிற்சி எடுத்தவள் நான். நிர்வாகம் ஓயாமல் சோதித்ததோ என் எடையை. முதல் கர்ப்பத்தோடு வேலையைப் பறிக்கும் ஏர் இந்தியா விதியை 1981இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நான்கு ஆண்டுகளுக்குக் கல்யாணம் கூடாது என்ற விதியை மட்டும் சரி என்றது. பெண் உடம்பை அப்போதும் முழுசாக விடவில்லை.

எனக்கு ஒன்றரைக் கிலோ கூடியது. தரையில் நிறுத்தினார்கள். பறக்கிற மணிக்குத்தான் படி, ஆக வருமானம் பாதி. அதைக்கூடப் பொறுத்திருப்பேன். எடை பார்த்த அதிகாரி, "உங்க வீட்ல அப்படி என்ன கறி ஆக்குவீங்க?" என்று சிரித்தார். கூட நின்றவர்களும் சிரித்தார்கள். "மாட்டுக்கறி" என்றேன். அதுவரை என் டப்பாவில் கைவைத்துச் சாப்பிட்டவர்கள் அன்றோடு நிறுத்திக்கொண்டார்கள்.

மூன்று மாதம் யோசித்தேன். தம்பி படிப்பு இருக்கு, பயிற்சிக்கு வாங்கின கடன் இருக்கு. விலகல் கடிதத்தில் 'சொந்தக் காரணம்' என்று எழுதச் சொன்னார்கள். அந்த அதிகாரி கேட்ட கேள்வியை அப்படியே எழுதிக் கொடுத்தேன். கடிதத்தை மாற்றித் தந்தால்தான் பாக்கிப் பணமாம். மாற்றல.