குடிக்கூலியும் வருமான வரியும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இவ்விழாவில் எம்மை இலக்கியம் பற்றிப் பேசுமாறு பணிப்பது சங்கத்தாரின் வழக்கம். இவ்வாண்டு மட்டும் குடிக்கூலியைப் பற்றியும், அதன்பொருட்டு வருமான வரியிற் கிடைக்கும் விலக்கைப் பற்றியும் பேச யாம் இசைவு வேண்டினோம். தமிழாசிரியனுக்கும் வரிக்கணக்கிற்கும் என்ன உறவு என்று நண்பர் சிலர் நகைத்தனர். மாதம் பிறந்தவுடன் வாடகைப் பணத்தை எண்ணி வைக்கும் எவனுக்கும் இதனோடு உறவு உண்டு. மேலும், நம் சங்கத்தில் வீடு உடையாரும் உளர். அவர்தம் வீடுகளிற் குடியிருப்போரும் உளர். இரு திறத்தாரும் ஒரு பந்தலின்கீழ் ஒருங்கிருக்கும் நாள் இஃது ஒன்றே. ஆதலின் இருவருக்கும் பொதுவான சில சொற்களை ஈண்டுக் கூற விழைந்தோம்.

முதற்கண் சட்டம் கூறுவது யாது எனக் காண்போம். யாம் கூறுவன 2025–26ஆம் நிதியாண்டிற்கு உரியவை. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தைத் தழுவியவை. 2026 ஏப்ரல் முதல் நாளிலிருந்து தொடங்கும் ஆண்டுகளுக்கு 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் உரியதாக விதிக்கப்பட்டது. எனவே பிற்பட்ட ஆண்டுகளுக்குக் கணக்கிடுவோர் அவ்வவ்வாண்டின் விதிகளை நோக்கியே கணக்கிடல் வேண்டும்.

சம்பளத்தோடு வீட்டு வாடகைப்படி பெறுவோர், வாடகை வீட்டிற் குடியிருந்து உண்மையாகவே வாடகை செலுத்துவாராயின், அப்படியில் ஒரு பகுதிக்கு வரி இல்லை. எவ்வளவு பகுதிக்கு என்பதை அறிய மூன்று தொகைகளைக் கணித்தல் வேண்டும். ஒன்று, ஆண்டில் பெற்ற வாடகைப்படி. இரண்டு, செலுத்திய வாடகையிலிருந்து சம்பளத்தில் 10 சதவீதத்தைக் கழித்த மிச்சம். மூன்று, சென்னை, மும்பை, கொல்கத்தா, தில்லி ஆகிய நான்கு நகரங்களாயின் சம்பளத்தில் 50 சதவீதம். ஏனைய ஊர்களாயின் 40 சதவீதம். இம்மூன்றனுள் எது குறைந்ததோ அதுவே விலக்குப் பெறும் தொகை. சம்பளம் என்று ஈண்டுக் கூறியது அடிப்படைச் சம்பளத்தையும், ஓய்வுக்காலப் பயன்களுக்குக் கணக்கிடப்படும் அகவிலைப்படியையும் ஆம்.

எடுத்துக்காட்டு ஒன்று கூறுவோம். நம் இளைஞர் ஒருவர் சென்னையிற் பணிபுரிகின்றார் எனக் கொள்க. சம்பளம் மாதம் 75,000 ரூபாய், ஆண்டிற்கு 9,00,000. வாடகைப்படி மாதம் 37,500; ஆண்டிற்கு 4,50,000. அவர் கொடுக்கும் வாடகை மாதம் 40,000, ஆண்டிற்கு 4,80,000. சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு 90,000. வாடகையில் அதனைக் கழிக்க எஞ்சுவது 3,90,000. சம்பளத்திற் பாதி 4,50,000. மூன்றனுள் குறைந்தது 3,90,000. அத்தொகைக்கு வரி இல்லை. படியில் எஞ்சிய 60,000 ரூபாய் வருமானத்தோடு சேரும்.

வாடகைப்படி பெறாத வணிகரும் தொழிலாளரும் நம்முள் மிகப் பலர். அவர்களையும் சட்டம் கைவிடவில்லை. 80ஜிஜி என்னும் பிரிவின்கீழ், மாதம் 5,000 ரூபாய், மொத்த வருமானத்தில் 25 சதவீதம், வாடகையிலிருந்து வருமானத்தின் 10 சதவீதத்தைக் கழித்த மிச்சம் ஆகிய மூன்றனுள் குறைந்ததை அவர்கள் கழித்துக்கொள்ளலாம். 10பிஏ என்னும் படிவத்தில் உறுதிமொழி தருதல் வேண்டும். தமக்கோ, மனைவிக்கோ, வயது நிரம்பாத பிள்ளைக்கோ தாம் வாழ்ந்து தொழில் செய்யும் ஊரிற் சொந்த வீடு இருத்தல் கூடாது.

இனி, மறைக்காமற் கூறவேண்டிய செய்தி ஒன்றுண்டு. இவ்விலக்குகள் யாவும் பழைய வரிமுறையைத் தேர்ந்தார்க்கே உரியவை. 2023–24 முதல் புதிய முறையே இயல்பாகக் கொள்ளப்படுவதாயிற்று. அதில் வாடகைக்கு விலக்கு இல்லை. ஆயினும் 2025–26இல் அம்முறைப்படி 12 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை. சம்பளக்காரர்க்கு நிலைக்கழிவு 75,000 சேர, 12,75,000 வரை வரி இல்லை. ஆதலின் எம் போன்ற ஆசிரியர் பலர்க்குப் புதிய முறையே நன்று. மேற்கூறிய இளைஞர்க்கோ, வாடகை விலக்கோடு சேமிப்பு, மருத்துவக் காப்பீடு முதலிய கழிவுகளும் போதிய அளவு சேர்ந்தாற் பழைய முறை நன்மை தரும். சேராவிடிற் புதிய முறையே நன்மை தரும். இருவகைக் கணக்கையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்த பின்னரே தேர்தல் வேண்டும். அயலார் ஒருவர் தேர்ந்தார் என்பதற்காக நாமும் தேர்தல் கூடாது. வணிக வருமானம் இல்லாத சம்பளக்காரர் ஆண்டுதோறும் இம்முறைகளுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்.

இவ்வளவும் கணக்கு. விலக்குக் கேட்பார்க்கு வேண்டும் சான்றோ வாடகை ரசீது. அது பற்றி எம் அனுபவம் ஒன்றைக் கூற இசைவு தருக.

2013ஆம் ஆண்டில் யாம் ஓர் ஊரில் நம்மவராகிய பெரியவர் ஒருவர் வீட்டிற் குடிபுகுந்தோம். வாடகை மாதம் 9,000 ரூபாய், முன்பணம் 90,000. இரண்டையும் கையிற் கொடுத்தோம். ரசீது கேட்க நாணினோம். உறவு முறையார் போன்ற ஒருவரிடம் தாள் கேட்பது அவரை ஐயுறுவதாகும் என்று எண்ணினோம். பள்ளியிற் கணக்கர் ரசீது எங்கே என்று வினவியபோது வாய் திறவாதிருந்தோம். இரண்டு ஆண்டுகள் அவ்விலக்கை இழந்தோம். இழந்தது பெருந்தொகை அன்று. எனினும் பிள்ளைகளின் புத்தகச் செலவிற்குப் போதுமானது.

மூன்றாம் ஆண்டில் நண்பர் ஒருவர் ரசீதுப் புத்தகம் ஒன்றை எம் மேசைமேல் வைத்தார். “பெரியவர் பெயரை நீரே எழுதிக் கையொப்பமும் இட்டுவிடும், யார் பார்க்கப் போகிறார்கள்? வாடகை கொடுத்தது மெய்தானே?” என்றார். வாடகை கொடுத்தது மெய்தான். அதனால் அவர் சொல் எமக்கு இனிதாகவே இருந்தது. அன்றிரவு பேனாவை எடுத்து ஒரு தாளில் தேதியும் தொகையும் எழுதினோம். கையொப்பம் இடவேண்டிய இடத்திற்கு வந்தபோது கை நின்றது. பிறர் கையொப்பத்தைத் தாமே இடும் மாணாக்கரை யாம் வகுப்பிற்கு வெளியே நிறுத்தியதுண்டு. அத்தாளைக் கிழித்துவிட்டு மறுநாள் மாலை பெரியவரிடம் சென்றோம்.

அவர் முகம் வாடினார். “நம்மவருக்குள் ரசீது எதற்குத் தம்பி? என்மேல் நம்பிக்கை இல்லையா?” என்றார். யாம் விடையின்றி நின்றோம். உள்ளே இருந்த அம்மையார் வெளியே வந்து, “தம்பி கேட்பது நியாயம். நாளைக்கு நாம் இல்லையென்றால் யார் எவ்வளவு கொடுத்தார் என்று பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? எழுதிக் கொடுங்கள்” என்றார். பெரியவர் சிறிது நேரம் பேசாதிருந்து, பின் கண்ணாடியை எடுத்து அணிந்துகொண்டார். அன்று முன்பணத்திற்கும் ஒரு ரசீது எழுதித் தந்தார். அது முதல் மாதந்தோறும் தந்தார்.

2018இல் அப்பெரியவர் காலமானார். அடுத்த ஆண்டு யாம் வீட்டைக் காலி செய்தபோது, வெளியூரில் இருந்து வந்த அவர் மக்கள், “முன்பணம் என்று அப்பா ஒன்றும் சொல்லவில்லையே” என்றனர். அவர்கள் பொய்யர் அல்லர், உண்மையாகவே அறியார். யாம் ரசீதைக் காட்டினோம். தந்தையின் கையெழுத்தைக் கண்ட மூத்தவர் சிறிது நேரம் அதனையே பார்த்திருந்தார். அன்று மாலையே பணம் வந்தது. அக்குடும்பத்தாரோடு எம் உறவு இன்றும் குறைவின்றி இருக்கின்றது. அத்தாள் இல்லாதிருப்பின் 90,000 ரூபாயையும் இழந்திருப்போம்; அவ்வுறவையும் இழந்திருப்போம்.

வீடு உடைய பெரியோர்களே! குடியிருப்போர் ரசீது கேட்டால் அதனைக் குறைவாகக் கருதாதீர்கள். 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமே வாடகைக்கும் முன்பணத்திற்கும் ரசீது பெறும் உரிமையைக் குடியிருப்போர்க்கு அளித்தது. அதற்குப் பின், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம் வாடகை ஒப்பந்தத்தையும் எழுத்தில் செய்துகொள்ள விதித்தது. ஆண்டு வாடகை 1,00,000 ரூபாயைக் கடந்தால், விலக்குக் கேட்போர் வீட்டுக்காரரின் பான் எண்ணையும் தரவேண்டும். இதற்கு அஞ்சியே பலர் ரசீது மறுக்கின்றனர். எண்ணைக் கொடுப்பதனால் புதிதாக ஒரு வரியும் பிறவாது. வாடகை வருமானம் முன்னரே வரிக்கணக்கிற்கு உரியது. அதிலும் செலுத்திய வீட்டு வரியைக் கழித்து, எஞ்சியதில் 30 சதவீதத்தைச் சட்டமே தள்ளிவிடுகின்றது. வேறு வருமானம் இல்லாத முதியோர் பலர்க்கு வரியே வாராது.

குடியிருக்கும் இளைஞர்காள்! கொடாத வாடகையைக் கொடுத்ததாக எழுதாதீர்கள். தாய் தந்தையர் வீட்டில் இருந்து அவர்க்கு வாடகை கொடுப்பது சட்டத்திற்கு முரண் அன்று. ஆனால் வீடு அவர் பெயரில் இருத்தல் வேண்டும், பணம் மெய்யாகவே சென்றிருத்தல் வேண்டும், அவரும் அதனைத் தம் வருமானத்திற் காட்டுதல் வேண்டும். பொய்ச் சான்று காட்டி வரியைக் குறைத்தால், குறைத்த வரியின் இருமடங்கு தண்டமாக விதிக்க 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம் உண்டு. கூடியவரை வங்கி வழியாகவே வாடகை செலுத்துங்கள். ரொக்கமாகக் கொடுத்தால், 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதில் ஒரு ரூபாய் வருவாய் முத்திரை ஒட்டச் செய்யுங்கள். 12பிபி என்னும் படிவத்தில் விவரம் எழுதி உரிய காலத்தில் அலுவலகத்திற் கொடுங்கள். அங்கே தவறவிட்டோர், ஆண்டு முடிவில் வருமானக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கேட்கலாம். அதற்கும் சான்றுகள் கையில் இருத்தல் வேண்டும்.

அன்பர்காள்! இச்சங்கத்தின் முன் எம் விண்ணப்பம் ஒன்றே. வீட்டை வாடகைக்கு விடும் உறுப்பினர் ஒவ்வொருவரும், குடியிருப்போர் கேளாமலே மாதந்தோறும் ரசீது தருவது என்று இன்று ஒரு தீர்மானம் நிறைவேற்றுவோமாக. சங்கம் ரசீதுப் புத்தகங்களை அச்சிட்டு, அடக்க விலைக்கு வழங்குமாக. முதற் புத்தகத்தின் அச்சுச் செலவை யாம் ஏற்றுக்கொள்கின்றோம். கேட்க நாணி வாய்மூடி நிற்கும் நிலை, நேற்று வேலைக்குச் சென்ற நம் பிள்ளைகளுக்கு வாராதிருக்கட்டும்.