பத்து வயதில் ஒரு பாஸ்புக்



பாகூர் பக்கம் பிள்ளையார்குப்பம் மாதிரி ஊர்களில் பல பெற்றோருக்கு இந்தத் தகவல் தெரிவதில்லை. பத்து வயது நிரம்பிய பிள்ளை, அஞ்சலகத்தில் தன் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். தானே கையெழுத்துப் போட்டுப் பணமும் எடுக்கலாம். 500 ரூபாய் இருந்தால் போதும். மாதம் 100 ரூபாய் கட்டும் ஆர்.டி.யும் உண்டு. ஐந்தாம் வகுப்பில் தொடங்கினால், பத்தாம் வகுப்பு முடிக்கும் சமயம் 6,000 ரூபாயும் அதற்கான வட்டியும் அந்தப் பிள்ளையின் கைக்கு வரும். வங்கிகளும் இப்படிக் கணக்கு தொடங்க 2014இல் ரிசர்வ் வங்கி வழிவிட்டது.

முன்பு பள்ளியிலேயே சஞ்சாயிகா என்ற மாணவர் சேமிப்புத் திட்டம் இருந்தது. நாலணா, எட்டணாவாகச் சேர்த்தவர்கள் இன்று தாத்தா பாட்டிகள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஆசையாகச் சொல்வார்கள்.

சேமிப்பைவிடச் செலவு செய்யக் கற்பிப்பதுதான் கடினம். ஆடியில் வீராம்பட்டினம் தேருக்குப் போகும்போது பிள்ளை கையில் 100 ரூபாயைக் கொடுத்து, "இவ்வளவுதான், நீயே பார்த்துச் செலவு பண்ணு" என்று விட்டுவிடுங்கள். முதல் கடையிலேயே பொம்மை வாங்கிவிட்டு, ராட்டினத்துக்குக் காசில்லை என்று அழும். மனசு கேட்காது. ஆனாலும் இன்னொரு நோட்டை நீட்டாதீர்கள்; அடுத்த வருடம் அது கடை கடையாக விலை கேட்கும்.

பதின்வயதுப் பிள்ளைகளிடம் கரண்ட் பில்லையும் மளிகைச் சீட்டையும் கொடுத்துக் கூட்டச் சொல்லுங்கள். வீட்டு வரவையும் மறைக்க வேண்டாம்.

கணக்கு தொடங்க அஞ்சலகம் போகும்போது ஆதார், பிறப்புச் சான்றிதழ், புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். படிவத்தைப் பிள்ளையே நிரப்பட்டும்.