டயர் சென்சாரை நாமே பதிவு செய்யலாம்

காற்று குறைந்தால் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும் என்பது தெரியும். வண்டியைக் கிளப்பியதும் அதே விளக்கு ஒரு நிமிடம் போல மின்னிவிட்டு நிலையாக எரிந்தால், பெரும்பாலான வண்டிகளில் கோளாறு சென்சாரில்தான். அந்த விளக்கோடே பழகிவிட்டால், நெடுஞ்சாலையில் நிஜமாகவே காற்று இறங்கும்போது யார் சொல்வது?

சக்கரத்துக்குள் வால்வோடு இருக்கும் சென்சாரின் பேட்டரி 5 முதல் 10 ஆண்டு வரும். பேட்டரியை மட்டும் மாற்ற வழியில்லை. பல கார்களில் புது சென்சாரை மாட்டினாலும் போதாது. ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. வங்கியில் மாதிரிக் கையெழுத்து அட்டை வைத்திருப்போமே, அப்படி உங்கள் கார் அந்த எண்களை வைத்திருக்கிறது. பொருந்தாததை ஏற்காது.

இதற்கென்றே கையடக்கக் கருவி விற்கிறார்கள். பழைய சென்சாரின் எண்ணைப் படித்து, எழுதக்கூடிய வெற்று சென்சாரில் ஏற்றிவிடலாம். ஆள் மாறியதே காருக்குத் தெரியாது. பேட்டரி செத்திருந்தாலும் எண் பெரும்பாலும் அதன் மேலேயே அச்சாகியிருக்கும், கருவியில் அடித்துக்கொள்ளலாம். அதனால் பஞ்சர் கடையில் டயரைக் கழற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். பழையதைக் குப்பையில் போட விடாதீர்கள். டயரைத் திரும்ப மாட்டுமுன் பதிவை முடித்துவிடுங்கள்.

வாங்கும்போது அலைவரிசை பாருங்கள். 315, 433 மெகாஹெர்ட்ஸ் என இரண்டு உண்டு. மாறினால் வேலை செய்யாது. சில கார்களில் சக்கரத்துக்குள் சென்சாரே கிடையாது, ஏபிஎஸ் வழியாகச் சக்கரம் சுழலும் வேகத்தை வைத்துக் கணக்கிடும். அவர்களுக்கு இந்தச் செலவே இல்லை.

பேரேடு டாலி ஆனாலும் கல்லாவை எண்ணிப் பார்க்கிற புத்தி எனக்கு. விளக்கு அணைந்த பிறகும், வண்டி ஓடிச் சூடேறுமுன் கேஜில் அளந்து, டிரைவர் கதவோரம் ஒட்டியுள்ள அளவோடு ஒப்பிடுங்கள்.