விழியோரத்து நாற்றங்கால்

பிள்ளைகளைப் படிக்கவைத்து இன்று நெல்லை அபிஷேகப்பட்டிப் பல்கலைக்கழக வளாகத்தை நிறைத்திருக்கும் பெற்றோர்களே, பட்டம் பெறும் மாணவ மாணவியரே!

ஸ்டெம் செல் மருத்துவம் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதைச் சுண்ணாம்பிலிருந்து தொடங்க வேண்டும். தாமிரபரணி கடலை நெருங்கும் இடத்தில் இருக்கிறது ஆத்தூர். அங்கே விளையும் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெற்றிலை போடும் வீட்டில் சுண்ணாம்பும் இருக்கும். முன்பு டப்பியில் இருந்த அது இப்போது சின்னப் பிளாஸ்டிக் பாக்கெட்டில் பெட்டிக்கடையில் தொங்குகிறது. கைக்கு மெத்தென்று இருப்பதால் குழந்தை அதை எடுத்து அமுக்கி விளையாடும். பாக்கெட் வெடித்துக் கண்ணில் தெறிக்கும். குழந்தைகளின் கண் வெந்துபோவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நம் நாட்டுக் கண் மருத்துவர்கள் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள்.

பெற்றோர்கள் இருக்கும்போதே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கண்ணில் சுண்ணாம்பு பட்டால் அந்த நிமிடமே நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள். அரை மணி நேரம் விடாமல் கழுவிவிட்டு, பிறகு மருத்துவமனைக்கு ஓடுங்கள். தாய்ப்பால், எண்ணெய் எதையும் விட வேண்டாம்.

சுண்ணாம்பு காரம். செல்லின் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு அது உள்ளே உள்ளே போகும். கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் வட்ட விளிம்புக்கு லிம்பஸ் என்று பெயர். கருவிழியின் மேற்பரப்புச் செல்கள் ஒரு வாரம் பத்து நாளில் உதிர்ந்து புதிதாகின்றன. அந்தப் புதுச் செல்களைப் பெற்றுத் தரும் ஸ்டெம் செல்கள் குடியிருப்பது இந்த விளிம்பில்தான். கருவிழி வயல் என்றால் லிம்பஸ் அதன் நாற்றங்கால். அது வெந்துபோனால் வெள்ளைவிழியின் படலம் இரத்தக் குழாய்களோடு கருவிழிமேல் படர்ந்து பார்வையை மூடிவிடும். கண்தானத்தில் கிடைத்த கருவிழியைப் பொருத்தினாலும் நிலைக்காது. ஏன் நிலைக்கவில்லை என்று மருத்துவர்கள் நெடுங்காலம் திகைத்தார்கள். ஸ்டெம் செல்களின் இருப்பிடம் 1980-களில் தெளிவான பிறகே காரணம் புரிந்தது.

1989-இல் அமெரிக்காவில் கென்யான், செங் என்னும் கண் மருத்துவர்கள் நல்ல கண்ணின் விளிம்பை எடுத்துக் கெட்ட கண்ணில் வைத்தார்கள். பலித்தது. ஆனால் பெரிய துண்டு தேவைப்பட்டது. நல்ல கண்ணுக்கும் ஆபத்து. 1997-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் கிராசியெல்லா பெல்லெக்ரினியும் மிக்கேலே தெ லூக்காவும் அந்த விளிம்பின் சிறு துணுக்கை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துக் கண்ணில் பரப்பினார்கள். ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனம் 2001-இலேயே அந்த வழியில் இறங்கியது.

நம் பக்கத்திலும் வேலை நடந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நோய் எதிர்ப்பியல் கற்பித்த வி.ஆர். முத்துக்கருப்பன், பிறகு அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆய்வுப் பிரிவில் ஒரு அடிப்படைக் கேள்வியை எடுத்துக்கொண்டார்: லிம்பஸில் இருக்கும் இத்தனை செல்களில் உண்மையான ஸ்டெம் செல் எது? பி63 என்ற புரதத்தை மட்டும் அடையாளமாக வைத்தால் வேறு செல்களும் சேர்ந்து வந்துவிடும். அந்தப் புரதம் மிகுந்தும், செல்லின் அளவோடு ஒப்பிட உட்கரு பெரிதாகவும் இருக்கும் சிறு கூட்டத்தையே ஸ்டெம் செல்லாகக் கொள்ளலாம் என்று அவருடைய குழு 2005-இல் வெளியிட்டது. நுண்ணோக்கியும் பொறுமையும் கேட்ட வேலை அது. அரவிந்தை 1976-இல் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்துக்காரர், பழைய திருநெல்வேலிச் சீமைக்காரர் என்பதை இங்கே சொல்லாமல் போனால் எனக்கு மனம் ஆறாது. 1988 முதல் நெல்லையிலும் அந்த மருத்துவமனை இருக்கிறது.

ஆய்வுக்கூடத்தில் செல் வளர்க்கப் பெரும் பணம் வேண்டும். இந்த ஆற்றங்கரைக் கிராமங்களிலிருந்து வரும் நோயாளிக்கு அது எட்டாது. ஹைதராபாத்தில் வீரேந்தர் சங்வானும் அவருடைய குழுவினரும் 2012-இல் வெளியிட்ட முறை இந்தத் தடையை உடைத்தது. நல்ல கண்ணின் விளிம்பில் 2 மில்லிமீட்டர் சதுரத்துக்கு ஒரு துணுக்கு எடுக்கிறார்கள். கெட்ட கண்ணில் படர்ந்ததை நீக்கி, பனிக்குடச் சவ்வை விரித்து, துணுக்கை எட்டுப் பத்தாக நறுக்கி அதன்மேல் பசையால் ஒட்டுகிறார்கள். ஆய்வுக்கூடம் வேண்டாம், செல்கள் கண்ணிலேயே வளர்ந்து பரவுகின்றன. ஒரே அறுவைச் சிகிச்சையில் வேலை முடிகிறது. இன்று உலகின் பல நாடுகளில் இதைச் செய்கிறார்கள்.

2016-இல் இந்த முறையின் நீண்டகால முடிவை வெளியிட்டார்கள். 125 கண்களில் 95 தேறின. மீதி 30 தேறவில்லை. அந்த முப்பதையும் எண்ணி, ஏன் தோற்றது என்று ஆராய்ந்து அச்சிட்டதை நான் பெரிய சாதனையாகக் கருதுகிறேன். எத்தனை பேருக்குப் பலிக்கவில்லை என்று சொல்ல முடியாதவர், எத்தனை பேருக்குப் பலித்தது என்று சொல்லவும் உரிமையற்றவர்.

கண்ணைத் தாண்டியும் இந்த நேர்மையைப் பார்க்கலாம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் ஐந்து ஹீமோஃபிலியா நோயாளிகளின் இரத்த ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து, இரத்தம் உறைவதற்கான மரபணுவை ஏற்றித் திருப்பிச் செலுத்தினார்கள். அவர்களுக்கு அதன்பின் இரத்தக்கசிவு நின்றது. 2024 டிசம்பரில் வெளியான அந்த ஆய்வும் ஐந்தே பேர் என்பதை மறைக்கவில்லை.

ஸ்டெம் செல் என்ற இதே பெயரில் ஒரு வியாபாரமும் நடக்கிறது. ஆட்டிசம், மூட்டுத் தேய்மானம், பக்கவாதம், சர்க்கரை நோய் எல்லாவற்றுக்கும் ஸ்டெம் செல் ஊசி என்று விளம்பரம் வருகிறது. நிலத்தை விற்றுப் பணம் கட்டுகிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகள், குறிப்பிட்ட நோய்களுக்கான இரத்த ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சையைத் தவிர மற்றவை முறையான ஆய்வாகவே நடக்க வேண்டும் என்கின்றன. குழந்தைக்காக எதையும் கொடுக்கத் துணிந்த தாயின் ஏக்கத்தை விலைக்கு வாங்குவது கொடுமை. அதை மருத்துவம் என்று அழைக்க நான் உடன்பட மாட்டேன்.

உங்களுக்கு வேலை நிறைய இருக்கிறது. இரண்டு கண்ணும் வெந்தவருக்கு எடுக்க நல்ல கண் இல்லை. ஜப்பானில் 2004-இல் வாயின் உட்தோலை வைத்து முயன்றார்கள். இன்னும் நல்ல வழி தேவை. உயிரித் தொழில்நுட்பம் படித்தவர்கள் அதை எடுங்கள். புள்ளியியல் படித்தவர்கள், சிறு எண்ணிக்கையிலான ஆய்வுகளை எப்படி நேர்மையாக எடைபோடுவது என்று பாருங்கள். குற்றவியல் படித்தவர்களுக்குப் போலிச் சிகிச்சை மையங்கள் கைபடாத களம். இதழியல் படித்தவர்கள் விளம்பரத்தைச் செய்தியாக அச்சிட மறுங்கள்.

ஊரில் முதல் பட்டதாரி நீங்களாக இருந்தால் எல்லாரும் உங்களிடம்தான் கேட்பார்கள். இரத்த ஸ்டெம் செல் மாற்றைத் தவிர வேறு ஸ்டெம் செல் சிகிச்சை என்று ஒரு காகிதத்தை நீட்டினால், மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேட்டில் அந்த ஆய்வின் எண்ணைத் தேடிப் பாருங்கள். இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆய்வில் சேர்பவரிடம் சிகிச்சைக்குப் பணம் வாங்கக் கூடாது. எண்ணும் இல்லாமல், முன்பணமும் கேட்டால், “கட்டாதீர்கள் அண்ணாச்சி” என்று துணிந்து சொல்லுங்கள்.