கூலியில்லா எழுத்தின் லாபம் யாருக்கு?



இணையத்தில் ஜனங்கள் கூலி வாங்காமல் எழுதிக் கொடுக்கிறார்களே, அதன் பலன் யாரைப் போய்ச் சேருகிறது என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம். கட்டுரை எழுதுகிறோம், படம் எடுத்துப் போடுகிறோம், முகம் தெரியாதவர் கேட்ட சந்தேகத்திற்குப் பதில் சொல்லுகிறோம். இதற்கெல்லாம் காலணாக் கூலி கிடையாது. கூலியில்லாமல் பிறருக்கு உதவுவதை நாம் குற்றம் சொல்ல வரவில்லை. ஊரார் கூடிக் குளத்தைத் தூர் வாரினால் அது நல்ல காரியமே. ஆனால் வாரி முடித்த மறுநாள் ஒருவன் வந்து, குளம் என்னுடையது என்று பத்திரம் காட்டி விற்றுவிட்டால், வாரினவர்களின் கதி என்ன?

அமெரிக்காவில் 2005-ம் வருஷத்தில் ஹஃபிங்டன் போஸ்ட் என்று ஓர் இணையப் பத்திரிகை ஆரம்பிக்கப்பட்டது. சம்பளம் வாங்கும் ஆசிரியர்களும் அதில் இருந்தார்கள்; ஆயிரக்கணக்கான பேர் சம்பளமில்லாமலும் எழுதி அதை வளர்த்தார்கள். 2011-ல் அப்பத்திரிகை ஏ.ஓ.எல். என்னும் கம்பெனிக்கு 31 கோடியே 50 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. சம்பளமில்லாமல் எழுதினவர்களுக்கு அந்தக் கிரயத்தில் ஒரு காசும் வரவில்லை. அவர்கள் சார்பில் 10 கோடியே 50 லட்சம் டாலர் கேட்டு நியூயார்க்கில் வழக்குப் போடப்பட்டது. 2012-ல் கோர்ட்டு அதைத் தள்ளிவிட்டது. பணம் கிடையாது என்று தெரிந்தேதானே எழுதினீர்கள் என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

பேர் வரும் என்று எழுதினான், பேரும் வந்தது, அப்புறம் என்ன வழக்கு என்று சிலர் கேட்கலாம். சரி, பேரையும் எதிர்பாராதவனுக்கு என்ன கிடைத்தது? 1990-களில் பாட்டுத் தட்டைக் கம்ப்யூட்டரில் போட்டால் பாட்டுகளின் பெயர் தெரியாது. ஆகவே தட்டு வைத்திருந்தவர்கள், பிறருக்கு உதவட்டும் என்று பெயர்களைத் தாங்களே அடித்து, சி.டி.டி.பி. என்ற பட்டியலுக்கு அனுப்பினார்கள். நாளடைவில் பட்டியல் கிரேஸ்நோட் என்ற கம்பெனியின் சொத்தாயிற்று. 2008-ல் அந்தக் கம்பெனியைச் சோனி கம்பெனியார் சுமார் 26 கோடி டாலருக்கு வாங்கினார்கள். பெயர்களை அடித்து அனுப்பினவனுக்கு அதில் பங்கு எங்கே?

அப்படியானால் யாரும் ஒன்றுமே எழுதிக் கொடுக்கக் கூடாதா? அதுவல்ல நம் அபிப்பிராயம். விக்கிப்பீடியா என்னும் கலைக்களஞ்சியம் 2001-ல் ஆரம்பிக்கப்பட்டபோது ஒரு தனியார் கம்பெனியின் கையில்தான் இருந்தது. ஆனால் அதிலுள்ளதை யாரும் பிரதி எடுத்துக் கொண்டுபோய் வேறிடத்தில் நடத்தலாம் என்று முதலிலேயே விதி இருந்தது. 2002-ல் அதில் விளம்பரம் போடப் போவதாகப் பேச்சு அடிபட்டது. உடனே ஸ்பானிஷ் மொழியில் எழுதி வந்தவர்களில் பலர், கட்டுரைகளைப் பிரதி எடுத்துக்கொண்டு வெளியேறி, செவில் சர்வகலாசாலையின் ஆதரவில் தனிக் களஞ்சியம் ஒன்றை ஆரம்பித்தார்கள். 2003-ல் விக்கிப்பீடியா லாப நோக்கமற்ற ஒரு ஸ்தாபனத்தின் கைக்கு மாறிற்று. இன்றைக்கும் அதில் வியாபார விளம்பரம் இல்லை. அவர்கள் வெளியேறியது ஒன்றே இதற்குக் காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் எழுதினவன் தன் எழுத்தோடு வெளியேற முடியும் என்று தெரிந்தால் நடத்துகிறவனுக்கு ஒரு பயம் இருக்கும் அல்லவா?

விக்கிப்பீடியாவிலிருந்தும் பெரிய கம்பெனிகள் எடுத்து லாபம் பார்க்கின்றன என்பது உண்மையே. ஆனால் அவர்கள் எடுத்ததால் நமக்குக் குறைந்து போவதில்லை. நாளைக்கு அதைப் பூட்டிச் சாவியைத் தங்கள் இடுப்பில் செருகிக்கொள்ளவும் அவர்களால் முடியாது. பாட்டுப் பட்டியலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

ஆகவே தோழர்களே! அடுத்த தடவை எங்கேனும் எழுதிக் கொடுக்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த இடம் யாருடையது? இதை விற்றால் பணம் யாருக்கு? நான் எழுதினதை நானும் மற்றவரும் எடுத்துக்கொண்டு போக முடியுமா? முதலிரண்டுக்கும் விடை முதலாளி என்றும், மூன்றாவதற்கு விடை இல்லை என்றும் வருமானால், அங்கே நீங்கள் செய்வது பொதுத்தொண்டு அல்ல, சம்பளமில்லாத வேலையே என்று அறிந்துகொள்ளுங்கள். அறிந்த பின்பும் செய்வதானால் அது உங்கள் இஷ்டம். அறியாமல் செய்யாதீர்கள் என்பதே நம் வேண்டுகோள்.