ஜீரோ கேட்டும் நம் வைஃபையும்

(சங்கப் பொதுக்கூட்டத்தில் ஏ பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் பதினைந்து நிமிடம் தந்திருக்கிறார். பத்தில் முடிக்கப் பார்க்கிறேன். அடுத்து தண்ணீர் லாரி விஷயம் இருப்பது எனக்கும் தெரியும்.

நான் கன்டெய்னர் யார்டில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். கம்ப்யூட்டர் பாதுகாப்பைப் பற்றிப் பேசச் சொன்னதும் 2017 ஜூன் 27-தான் ஞாபகம் வந்தது. அன்று மும்பைக்குப் பக்கத்தில், ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் ஒரு கன்டெய்னர் டெர்மினல் ஸ்தம்பித்தது. புயலும் இல்லை, ஸ்டிரைக்கும் இல்லை. டெர்மினலை நடத்திய மெர்ஸ்க் குழுமத்தின் கம்ப்யூட்டர்கள் உலகம் முழுக்க ஒரே நாளில் படுத்துவிட்டன. எந்தப் பெட்டி எந்த வரிசையில், எத்தனையாவது அடுக்கில் இருக்கிறது என்பது கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும். அது போனால் பேப்பரும் பேனாவும்தான். லாரி நின்றால் ரோடு என்ன ஆகும் என்று எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் தினமும் போகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வைரஸின் பெயர் நாட்பெட்யா. உக்ரைனில் கணக்கு வழக்குக்காகப் பல கம்பெனிகள் வைத்திருந்த ஒரு சாஃப்ட்வேரின் அப்டேட்டுக்குள் அதை ஒளித்து வைத்து அனுப்பினார்கள். அங்கிருந்து எப்படிப் பரவியது என்று புரிய நாலைந்து வார்த்தை தெரிந்தால் போதும்.

கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேச வசதியாகக் கோத்து வைத்தால் அது நெட்வொர்க். நம் வீட்டு வைஃபையும் ஒரு நெட்வொர்க்தான்: போன், டிவி, பையனின் லேப்டாப் எல்லாம் அதில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கதவு எண் மாதிரி ஒரு ஐபி முகவரி உண்டு. வீட்டுக்கும் வெளி இன்டர்நெட்டுக்கும் நடுவில் நிற்பது ரவுட்டர். அடுத்த வார்த்தை போர்ட். நமக்கு போர்ட் என்றால் ஹார்பர். கம்ப்யூட்டரில் அது ஹார்பர் கேட் மாதிரி, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். பேங்க் வெப்சைட் பார்க்கும்போது 443 வழியாகப் போகிறோம். ஆபீஸில் ஃபைல்களைப் பகிர்வது 445. ஜீரோ கேட்டில் பேப்பர் பார்த்து லாரியை விடுகிறார்களே, அந்த வேலையைச் செய்வது ஃபயர்வால்.

விண்டோஸில் அந்த 445 கேட்டில் ஒரு ஓட்டை இருந்தது. மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச்சிலேயே அதை அடைக்க அப்டேட் கொடுத்துவிட்டது. நிறையப் பேர் போடவில்லை. ஆனால் போட்டவர்களும் தப்பவில்லை, இதுதான் கவனிக்க வேண்டிய இடம். ஓட்டை இருந்த ஒரு மெஷினுக்குள் போன நாட்பெட்யா, அதன் நினைவகத்தில் கிடந்த பாஸ்வேர்டுகளை எடுத்துக்கொண்டு, அடைத்து வைத்த மெஷின்களிலும் சாவி போட்டுத் திறந்தது. கேட்டுக்குள் வந்துவிட்டவனை யாரும் மறுபடி பாஸ் கேட்பதில்லை அல்லவா, அதுபோல.

திரையில் 300 டாலர் கேட்டது. பணயத்தொகை கேட்கும் இந்த வகைக்கு ரான்சம்வேர் என்று பெயர். இது வேஷம்தான், பணம் கட்டினாலும் ஃபைல் திரும்ப வழியே வைக்கவில்லை.

மெர்ஸ்கில் யார் எந்தக் கம்ப்யூட்டரில் நுழையலாம் என்ற பட்டியலை வைத்திருந்த சர்வர்கள் சுமார் 150. ஒன்றில் மாற்றினால் மற்றதிலும் மாறும். அதனால் ஒன்று போனால் இன்னொன்று காப்பாற்றும் என்று நினைத்தார்கள். எல்லாமே ஒன்றாகப் போயின. கானா நாட்டில் இருந்த ஒன்று மட்டும் பிழைத்தது. காரணம், அந்த நேரத்தில் அங்கே கரன்ட் கட்! (நம் மின்வெட்டால் இப்படி ஒரு நன்மை நடந்து நான் பார்த்ததில்லை.) அந்த ஒரு காப்பியை ஆள் கையில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்த்தான் மீண்டும் கட்டினார்கள். 4,000 சர்வர், 45,000 கம்ப்யூட்டர், பத்து நாள். நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர் வரை என்று கம்பெனியே சொன்னது.

இப்போது நம் கட்டிடத்துக்கு வருகிறேன். யார் மனமும் நோக வேண்டாம், போன கமிட்டியில் நானும் இருந்தேன்.

கிளப் ஹவுஸ் வைஃபை பாஸ்வேர்டு வாட்ச்மேன் ரூம் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதே வைஃபையில்தான் சங்கத்தின் லேப்டாப். அதில் மெயின்டனன்ஸ் கணக்கும், வாடகைக்கு வந்தவர்களின் ஆதார் காப்பிகளும் உள்ளன. அதே வைஃபையில்தான் கேமரா டிவிஆர். அதன் பாஸ்வேர்டு கடையில் வாங்கியபோது இருந்ததே இன்றும். 2016-ல் மிராய் என்ற வைரஸ் இப்படிப்பட்ட கேமராக்களையும் டிவிஆர்களையும் தேடித் தேடிப் பிடித்தது. அதன் கையில் இருந்தது கம்பெனிகள் போட்டுத் தரும் பாஸ்வேர்டுகளின் சின்னப் பட்டியல் ஒன்று, சுமார் அறுபதுதான். பிடித்த பெட்டிகளை வைத்து அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் திணறும்படி செய்தார்கள். கேமரா வைத்திருந்தவர்களில் பலருக்கு விஷயமே தெரியாது.

நான் கேட்பது மூன்று. விருந்தினருக்குத் தனி வைஃபை, பெரும்பாலான ரவுட்டரில் 'கெஸ்ட்' என்று அந்த வசதி இருக்கிறது. டிவிஆருக்குப் புது பாஸ்வேர்டு. கணக்குகளை மாதம் ஒருமுறை ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்து, கேபிளைப் பிடுங்கி, பீரோவில் வைப்பது. சொருகியே வைத்திருந்தால் லேப்டாப்போடு அதுவும் போய்விடும்.

ஹார்ட் டிஸ்க் வாங்க மட்டும்தான் பணம் வேண்டும். பொருளாளர் தலையாட்டுகிறார், மினிட்ஸில் எழுதிக்கொள்ளுங்கள்.

யாருக்காவது பணமே போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராதீர்கள். உடனே 1930-க்கு போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறுவதற்குள் நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு நான் கீழே கிளப் ஹவுஸில் இருப்பேன். வீட்டு ரவுட்டர் பாஸ்வேர்டை மாற்றத் தெரியாதவர்கள், ரவுட்டருக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கொண்டு வாருங்கள். அதை நம் வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.